நடுத்தர நன்னீர் மீன் தொட்டிக்கு எந்த மீன்கள் பொருந்தும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மீன் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை விடைகளோடு ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கடையில் ஒரு மீனைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கிவந்து, அதன் பிறகு அதற்கு இடம் தேடுவதைவிட, தொட்டியின் அளவையும் வீட்டுத் தண்ணீரின் தன்மையையும் முதலில் தெரிந்துகொண்டு, அவற்றில் நிறைவாக வாழக்கூடிய சில வகைகளை மட்டும் போதிய எண்ணிக்கையில் வளர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகள் அனைத்தும் அந்தக் கருத்தைச் சார்ந்தே அமைந்துள்ளன.

1. நடுத்தரத் தொட்டி என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னுடையது மூன்றடி நீளம், அது சேருமா?

சேரும். ஏறத்தாழ 80 முதல் 200 லிட்டர் வரை தண்ணீர் கொள்ளும் தொட்டிகளை இங்கே நடுத்தரம் என்று கொள்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 90 × 40 × 40 செ.மீ. அளவுள்ள மூன்றடித் தொட்டிக்குக் கணக்குப்படி 144 லிட்டர் வரும். ஆனால் அடியில் பரப்பும் மணலும் கற்களும் மேலே விடும் இடைவெளியும் போக, உண்மையில் 120 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். மீன்களைத் திட்டமிடும்போது இந்த இரண்டாவது எண்ணையே கொள்ள வேண்டும். இனி ‘நமது தொட்டி’ என்று நான் குறிப்பிடுவது இந்த 120 லிட்டர் தொட்டியைத்தான்.

கொள்ளளவோடு வடிவத்தையும் பாருங்கள். ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. பெரும்பாலான மீன்கள் மேலும் கீழுமாக நீந்துவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நீந்துகின்றன. ஆகவே ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில், ஒடுங்கி உயர்ந்து நிற்பதைவிட நீளமும் அகலமும் கூடியதே கூடுதலான மீன்களைத் தாங்கும்.

2. தொட்டி வாங்கிய அன்றைக்கே மீனையும் வாங்கி விட்டுவிடலாமா? தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே?

வேண்டாம். புதிய தொட்டிகளில் முதல் சில வாரங்களில் மீன்கள் இறப்பதற்கு முதன்மையான காரணம் இந்த அவசரம்தான். மீன்கள் செவுள் வழியாகவும் கழிவின் மூலமாகவும் அம்மோனியாவை வெளியிடுகின்றன. மிச்சமான தீவனம் அழுகும்போதும் அதுவே உருவாகிறது. அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை இன்னொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிதளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் அதைக் குறைத்துவிடலாம். புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. தண்ணீரின் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, ஏனெனில் கரைந்த அம்மோனியாவுக்கு நிறமில்லை.

வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தையோ அளந்த அம்மோனியாக் கரைசலையோ சேர்த்துவந்தால், பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். சோதனைக் கரைசல் வாங்கிப் பாருங்கள்: சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் சுழி காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது. நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதி கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

3. எங்கள் தண்ணீர் கடினநீர். மருந்து போட்டு மாற்றிக்கொண்டு எந்த மீனை வேண்டுமானாலும் வளர்க்கலாமா?

தண்ணீரை மாற்றுவதைவிட அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது, மீனுக்கும் பாதுகாப்பு. பி.எச். அளவைக் குறைப்பதற்கென விற்கப்படும் பொடிகளைக் கடினநீரில் இட்டால், அதில் கரைந்துள்ள கார்பனேட் உப்புகள் ஓரிரு நாளில் அளவை மீண்டும் பழைய நிலைக்கே இழுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கம், சற்றே உயர்ந்த ஆனால் நிலையான ஓர் அளவைவிட மீனுக்குக் கூடுதல் தீங்கு விளைவிக்கிறது.

கடினநீர் கிடைத்தால் குட்டி போடும் மீன்களான கப்பி, பிளாட்டி, மோலி, வாள்வால் ஆகியவை அதில் செழிப்பாக வளரும். குறுநியான் ரெயின்போ என்னும் சிறிய வானவில் மீனும் அப்படியே. மென்னீராக இருந்தால் நியான், கார்டினல் போன்ற டெட்ராக்களும் பலவகை ரஸ்போராக்களும் பொருந்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட நீரில் செர்ரி பார்ப், தேன் கௌராமி, வெண்கலக் கோரிடோரஸ் போன்றவை குறையின்றி வாழும். தொட்டிகளில் பல தலைமுறைகளாக இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன்கள், இயற்கை நீரிலிருந்து பிடிக்கப்பட்டவற்றைவிட அகன்ற வரம்பைத் தாங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

குளோரினைப் பற்றி ஒரு சொல். திறந்த பாத்திரத்தில் காற்றோட்டம் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் சில குடிநீர் அமைப்புகள் பயன்படுத்தும் குளோரமின் அப்படி எளிதில் வெளியேறாது. உங்கள் தண்ணீரில் எது இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இரண்டையும் நீக்கும் திரவத்தைப் பயன்படுத்துவதே முறை.

4. ஹீட்டர் கட்டாயமா? வெப்பத்தைப் பார்த்துக்கூட மீன் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

ஆம், வெப்பமும் தேர்வில் ஒரு பகுதிதான். வெள்ளை மேக மின்னோ, பெப்பர் கோரிடோரஸ் போன்றவை 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீரை விரும்புகின்றன. வரிக்குதிரை டேனியோ அதோடு இன்னும் ஓரிரு டிகிரி வரை இயல்பாக இருக்கும். கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பா கோரிடோரஸ், தேன் கௌராமி ஆகியவை 27, 28 டிகிரியிலும் நலமாக இருக்கும். நியான் டெட்ரா பார்வைக்குக் கார்டினலைப் போலவே இருந்தாலும், 25 டிகிரிக்குக் கீழேதான் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறது. உங்கள் அறையில் தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதி எவ்வளவு வெப்பத்தில் நிற்கிறது என்று அளந்து, அந்த வரம்பிலுள்ள மீன்களையே சேர்த்தால், ஹீட்டர் இரவுக் குளிரைச் சமன் செய்வதற்கு மட்டும் தேவைப்படும்.

வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதே வேளையில் மீனின் உடல் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. வெப்பமான அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள், அடுத்த விடையில் வரும் எண்ணிக்கையிலிருந்து கால் பங்கைக் குறைத்துக்கொள்வது நல்லது.

5. கடைசியில் எத்தனை மீன் விடலாம்? ஓர் எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரு கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஓர் அங்குல மீன் என்ற விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன்படி நமது தொட்டியில் ஏறத்தாழ 32 அங்குலம் மீன் விடலாம். அது 30 சிறிய டெட்ராக்களாகவும் இருக்கலாம். பத்து அங்குல ஆஸ்கர் மூன்றாகவும் இருக்கலாம். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது மீன்களுக்குக் கொடுமை. ஒரு மீனின் நீளம் இருமடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. தின்பதும் கழிவதும் அதற்கேற்ப மிகுகின்றன. ஆகையால் இந்த விதியை முழு வளர்ச்சியில் ஐந்து, ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகாத மெல்லிய மீன்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் ஒரு தொடக்கக் கணக்காக.

எண்ணாகவே வேண்டுமென்றால், நமது தொட்டிக்கு நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இது: 12 ஹார்லிக்வின் ரஸ்போரா, 8 வெண்கலக் கோரிடோரஸ், ஒரு ஜோடி தேன் கௌராமி. ரஸ்போராக்கள் நடுப்பகுதியிலும், கோரிடோரஸ் தரையிலும், கௌராமிகள் மேற்பரப்பை ஒட்டியும் வாழ்வதால், 22 மீன்கள் இருந்தும் எதுவும் மற்றொன்றின் இடத்தில் நுழைவதில்லை. மூன்றும் 23 முதல் 26 டிகிரி வரையிலான நீரில் ஒத்துப்போகும். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கு, ஐந்து மடங்கு நீரைச் சுழற்றும் வடிகட்டி ஒன்று இதற்குப் போதும்.

இறுதித் தீர்ப்பைச் சோதனைக் கரைசல் சொல்லட்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றியும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டிக்கொண்டே இருந்தால், மீன்கள் மிகுதியாக இருக்கின்றன, அல்லது தீவனம் மிகுதியாக விழுகிறது.

6. மீன் தொட்டியின் அளவுக்குத்தானே வளரும்? சின்னத் தொட்டியில் சின்னதாகவே இருந்துவிடும் என்கிறார்களே?

இது உண்மையன்று. நெருக்கமான, கழிவு மிகுந்த தொட்டியில் சில மீன்களின் வளர்ச்சி தடைபடுவது உண்மைதான். ஆனால் அது நோயுற்ற நிலை. முதுகெலும்பு வளைதல், எதிர்ப்பாற்றல் குன்றுதல், ஆயுள் பாதியிலேயே முடிதல் ஆகியவை அதனோடு சேர்ந்தே வருகின்றன. ‘இவ்வளவு காலமாக இதே அளவில் இருக்கிறது’ என்று மகிழ்ச்சியோடு சொல்லப்படும் பல மீன்கள் உண்மையில் துன்பத்தில் இருக்கின்றன.

கடையில் விரல் நீளத்தில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள்தாம். ‘ஷார்க்’ என்ற பெயரில் சிறு குஞ்சாக விற்கப்படும் சாம்பல்நிறப் பங்காசியஸ் ஒரு மீட்டரையும் தாண்டக்கூடிய ஆற்றுக் கெளுத்தி இனம். வெள்ளி உடலும் கறுப்பு விளிம்புத் துடுப்புகளும் கொண்ட பாலா ஷார்க் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆஸ்கரும் அந்த அளவை எட்டும். ராட்சதக் கௌராமி அரை மீட்டருக்கு மேல் வளரும். செந்நிறமும் கறுப்புப் பட்டையும் கொண்ட கிளவுன் லோச் மெதுவாக வளர்ந்தாலும் 25 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடியது. அதுவும் கூட்டமாகவே வாழும். சிவப்புவால் கெளுத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எந்த வீட்டுத் தொட்டியும் அதற்குப் போதாது. இவற்றில் எதையும் நடுத்தரத் தொட்டிக்கு வாங்காதீர்கள். ‘பெரிதானதும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்கிறேன்’ என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெரிய தொட்டி வீட்டில் ஆயத்தமாக நிற்கும் நாளில் மீனை வாங்குங்கள்.

7. தங்கமீன்தான் எல்லோரும் வளர்க்கிறார்களே, அதோடு கப்பியும் டெட்ராவும் விடலாமா?

சேர்த்து விட வேண்டாம். தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி வரையிலான நீர் உகந்தது. வெப்பமண்டல மீன்களுக்கு அது குளிர். மேலும் தங்கமீன் தின்றுகொண்டும் கழிந்துகொண்டும் இருக்கும் மீன். வாயில் அடங்கும் அளவுள்ள கப்பிக் குட்டியையோ நியானையோ அது விழுங்கிவிடும். நீண்ட உடலுடைய கோமெட் வகை 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதால் அதற்குக் குளமே ஏற்ற இடம்.

உருண்டை உடலுள்ள ஒராண்டா, ரியூகின் போன்ற வகைகள் மட்டும்தான் வேண்டுமென்றால், நமது தொட்டியில் இரண்டை வைத்து, வலுவான வடிகட்டியோடும் கூடுதலான தண்ணீர் மாற்றத்தோடும் வளர்க்கலாம். ஒரு தங்கமீன் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அவ்வளவு காலமும் அந்தத் தொட்டி அவற்றுக்கே உரியது என்று மனத்தளவில் ஒப்புக்கொண்டு தொடங்குங்கள்.

8. ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கினால் தொட்டி வண்ணமயமாக இருக்குமே, ஏன் ஒரே வகையில் பத்து வாங்கச் சொல்கிறீர்கள்?

இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே தொட்டியின் போக்கு மாறிவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். டெட்ரா, ரஸ்போரா, டேனியோ, கோரிடோரஸ் ஆகியவை கூட்டமாக வாழும் இனங்கள். தன் இனத்தார் சுற்றிலும் இருக்கும்போதுதான் ஒரு நியான் தன்னைப் பாதுகாப்பாக உணர்ந்து தொட்டியின் நடுவே வந்து நீந்துகிறது. இரண்டாக விட்டால் அவை செடிக்குப் பின்னால் ஒளிந்து, நிறம் மங்கி, தீவனத்துக்கும் தயங்கி வெளிவருகின்றன. இந்தத் தொடர்ச்சியான அச்சம் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. நோய் முதலில் தாக்குவதும் அவற்றைத்தான்.

சண்டைக்கார மீன்களுக்கும் இதே தீர்வு பொருந்தும். புலி பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் என்று எல்லோரும் குறைசொல்வார்கள். மூன்று, நான்காக விட்டால் அது உண்மைதான். பத்துக்கு மேற்பட்ட கூட்டமாக இருக்கும்போது அவை தம்மிடையே முன்வரிசைக்குப் போட்டியிட்டு, துரத்தலைப் பெரும்பாலும் தம் கூட்டத்துக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. எட்டு வகைகளில் இரண்டிரண்டாக 16 மீன்களை வைப்பதைவிட, இரண்டே வகைகளில் எட்டெட்டாக அதே 16 மீன்களை வைத்துப் பாருங்கள்: தண்ணீரின் மீதுள்ள சுமை ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் கூட்டம் ஒன்றாகத் திரும்பும் அழகும் மீன்களின் துணிவும் இரண்டாவதில்தான் காணக் கிடைக்கும். குறைந்தது ஆறு என்பது தாழ்ந்த வரம்பு. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நன்று.

9. சரி, முதன்முறை வளர்ப்பவருக்கு எந்த மீன்களைச் சொல்வீர்கள்?

ஐந்தாம் விடையில் சொன்ன தொகுப்பு ஒன்று. கடினநீர் உள்ளவர்களுக்கு ஆறேழு பிளாட்டிகளும், எட்டு குறுநியான் ரெயின்போக்களும், தரைக்கு ஆறு வெண்கலக் கோரிடோரஸும் நல்ல தொடக்கம். குளிர்ந்த அறை உள்ளவர்கள் பத்து வரிக்குதிரை டேனியோக்களையும் எட்டு பெப்பர் கோரிடோரஸையும் சேர்க்கலாம். டேனியோக்கள் ஓயாமல் நீந்துபவை, துள்ளியும் குதிக்கும், ஆகையால் மூடி அவசியம்.

செர்ரி பார்ப் மீனுக்கு நான் தனியாகப் பரிந்து பேச விரும்புகிறேன். ஐந்து சென்டிமீட்டர் வளரும் இந்தச் சாதுவான மீன் கடைத் தொட்டியில் வெளிறித் தெரிவதால் பலரும் கவனிக்காமல் போகிறார்கள். செடிகள் நெருங்கிய, அடர்நிற மணல் பரப்பிய தொட்டியில் சில வாரங்கள் இருந்த பிறகு ஆண் மீன்கள் நல்ல செம்மை ஏறுகின்றன. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற விகிதத்தில் ஒன்பது மீன்கள் நமது தொட்டிக்கு அழகாக இருக்கும்.

கோரிடோரஸ் வாங்குகிறவர்கள் கூர்மையான சரளைக்குப் பதிலாக மென்மையான மணலைப் பரப்புங்கள். அது மணலைத் துழாவித் தின்னும் மீன், கூரிய கற்கள் அதன் மீசையை அரித்துவிடும். அவ்வப்போது அது மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கித் திரும்பும். குடலாலும் சுவாசிக்கும் இனம் என்பதால் அது இயல்பே. இடைவிடாமல் செய்தால் மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள்.

10. ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும் ஒன்றாக இருக்குமா? கடையில் ஒரே தொட்டியில்தான் இருந்தன.

கடையில் இருந்தவை ஏஞ்சல் குஞ்சுகள். வளர்ந்த ஏஞ்சல் மெல்லிய சிறு மீன்களை வேட்டையாடும் சிக்லிட் இனத்தைச் சேர்ந்தது; ஒருநாள் காலையில் நியான்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காண்பீர்கள். தவிர, ஏஞ்சலின் துடுப்புகளையும் சேர்த்தால் உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால், நீர் 45 செ.மீ. ஆழமாவது நிற்கும் தொட்டி அதற்கு வேண்டும். 40 செ.மீ. உயரமுள்ள நமது தொட்டி அதற்குக் குறைவு.

உயரமான தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஜோடி ஏஞ்சலோடு, உடல் அகன்ற டெட்ராக்களையோ ஸ்டெர்பா கோரிடோரஸையோ வைக்கலாம். புலி பார்ப், செர்ப்பே டெட்ரா ஆகியவை ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறிவிடும். அவற்றை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

11. ஃபைட்டர் மீனை மற்ற மீன்களோடு விடலாமா, தனியாகத்தான் வைக்க வேண்டுமா?

ஓர் ஆண் ஃபைட்டரை மட்டும், சாதுவான, மங்கிய நிறமுள்ள, குட்டைத் துடுப்பு மீன்களோடு வைக்கலாம். கோரிடோரஸ், கூலி லோச், அமைதியான ரஸ்போரா ஆகியவை பொருத்தமானவை. ஆண் கப்பியின் விரிந்த வண்ண வாலை அது போட்டியாளனாக எண்ணித் தாக்கக்கூடும். கௌராமிகள் அதன் நெருங்கிய உறவினம் என்பதால் அவற்றோடும் மோதும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் ஒருபோதும் விடாதீர்கள். குணம் மீனுக்கு மீன் மாறுவதால், ஒத்துப்போகாவிட்டால் பிரித்து வைக்க இன்னொரு சிறு தொட்டி ஆயத்தமாக இருக்கட்டும்.

மேற்பரப்புக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருக்கிறது. அதைக் காரணம் காட்டிச் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பது தவறு. இரண்டாம் விடையில் சொன்ன அம்மோனியா கிண்ணத்தில் இன்னும் வேகமாக ஏறும்.

12. ஒரு சக்கர் மீனை விட்டால் தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் அல்லவா?

எந்த மீனும் தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை. ஒவ்வொன்றும் தன் கழிவைச் சேர்க்கவே செய்கிறது. பரவலாக விற்கப்படும் சக்கர் மீன் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, ஆறாம் விடையிலுள்ள மீன்களின் வரிசையில் சேர்ந்துவிடும். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு மீன் வேண்டுமென்றால், 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் ஒன்றை வாங்கி, ஒரு மரக்கட்டையும் வெள்ளரித் துண்டுகளும் கொடுங்கள். ஓட்டோசிங்க்ளஸ் நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள சிறந்த பாசித் தின்னி. எனினும் பாசி நன்கு படிந்த, பல மாதங்கள் ஆன தொட்டியில் ஆறு மீன்களாக விட்டால்தான் அது பிழைக்கும்.

13. நான்கு கப்பி வாங்கினேன், இப்போது எண்ண முடியவில்லை. என்ன செய்வது?

பெண் கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணைந்தபின் ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்திருக்கும் என்பதால், இப்போது ஆண்களைப் பிரித்தாலும் குட்டிகள் சில காலம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆண், பெண் என இரண்டு தொட்டிகளாகப் பிரித்து, மிகுதியானவற்றை வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதே வழி.

இனிமேல் தொடங்குகிறவர்கள் ஆண்களை மட்டும் வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது, வண்ணமும் அவற்றுக்குத்தான். இரண்டும் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் இருக்கட்டும். ஆண்கள் மிகுந்தால் பெண்களைத் துரத்தித் துரத்தியே களைக்க வைத்துவிடும்.

14. எனக்குக் கூட்ட மீன்களில் ஈடுபாடில்லை. என்னை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு மீன் வேண்டும். ஃபிளவர்ஹார்ன் ஒன்றே ஒன்று வைத்தால்கூடவா போதாது?

ஃபிளவர்ஹார்ன் மனிதர்கள் கலப்பினமாக உருவாக்கிய, 30 சென்டிமீட்டரைத் தொடக்கூடிய மீன். 40 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் அது திரும்பவே சிரமப்படும். ஒன்றாக இருந்தாலும் ஆஸ்கருக்கும் ஃபிளவர்ஹார்னுக்கும் 300 லிட்டராவது வேண்டும்.

உங்கள் விருப்பத்தை நிறைவேற்றும் சிறிய சிக்லிட்கள் இருக்கின்றன. கிரிபென்சிஸ் ஜோடி ஒன்றை நமது தொட்டியில் குகை போன்ற மறைவிடங்களோடு வைத்தால், அவை முட்டையிட்டு, குஞ்சுகளைத் தாயும் தந்தையுமாகக் கூட்டிச்சென்று காப்பதைப் பார்க்கலாம். தீவன நேரத்தில் உங்கள் வருகையை அறிந்து முன்னே வந்து நிற்கவும் பழகிவிடும். குஞ்சு காக்கும் காலத்தில் தரைமீன்களை விரட்டும் என்பதால் கோரிடோரஸைத் தவிர்த்து, மேல்பகுதியில் நீந்தும் மீன்களைத் துணையாக்குங்கள். இன்னும் சாதுவானது வேண்டுமென்றால் பொலிவியன் ராம் நல்ல தேர்வு.

15. கடையில் நல்ல மீன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தனி மீனுக்கு முன்னால் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு மீன் இறந்து கிடந்தாலோ, உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தெரிந்தாலோ, அந்தத் தொட்டியிலிருந்தும் அதே நீர் சுழலும் பக்கத்துத் தொட்டிகளிலிருந்தும் எதையும் வாங்காதீர்கள். நல்ல மீன் துடுப்புகளை விரித்து, சீராகச் செவுளை அசைத்து, தன் கூட்டத்தோடு இருக்கும். ஒட்டிய வயிறும் ஒடுக்கிய துடுப்பும் தனித்து மூலையில் நிற்பதும் நோயின் அடையாளங்கள். சிறிது தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். தின்கிற மீனை நம்பி வாங்கலாம்.

இயற்கையில் இல்லாத இளஞ்சிவப்பும் நீலமும் பூசிய கண்ணாடி மீன்களையும் கிளி சிக்லிட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஊசி வழியாகவோ சாயத்தில் முக்கியோ ஏற்றப்படும் அந்த நிறம் சில மாதங்களில் மங்கிவிடும். மீன் பட்ட வதை எஞ்சும். வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அந்த வதை தொடரும் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

16. தொட்டி ஆயத்தம், பட்டியலும் ஆயத்தம். எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடலாமா?

பிரித்து விடுங்கள். நுண்ணுயிர்களின் அளவு அப்போதுள்ள கழிவுக்கேற்ப இருக்கும். ஒரே நாளில் 20 மீன்கள் வந்தால் அவற்றால் ஈடுகொடுக்க இயலாமல் அம்மோனியா ஏறக்கூடும். முதலில் உறுதியான கூட்டமீன்கள், இரண்டு வாரம் கழித்துத் தரைமீன்கள், இறுதியாகக் கௌராமி, சிக்லிட் போன்ற எல்லை பிடிக்கும் மீன்கள் என்பதே வரிசை. எல்லை பிடிப்பவற்றை முதலில் விட்டால், முழுத் தொட்டியையும் தமதாக்கிக்கொண்டு பின்னால் வருபவற்றை விரட்டும்.

முதல் கூட்டத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் தனியான சிறு தொட்டியில் மூன்று, நான்கு வாரம் வைத்துக் கவனித்த பின்னரே சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் முதலிய பலவும் அந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். அதில் ஒரு பஞ்சு வடிகட்டியும் மறைவிடமும் இருந்தால் போதும். அந்தப் பஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஓடவிட்டு நுண்ணுயிர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

17. இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே பாலா ஷார்க்கும் தங்கமீனும் ஏஞ்சலும் ஒன்றாக விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

முதல் வேலை, தண்ணீரைச் சோதிப்பது. அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் அன்றே மூன்றில் ஒரு பங்கை மாற்றி, தீவனத்தைப் பாதியாக்குங்கள். சுழி காட்டும்வரை தினமும் சோதியுங்கள். அடுத்து, எந்த மீனை மையமாக வைத்துத் தொட்டியை அமைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லும் மூன்றில் பாலா ஷார்க்குக்கு நடுத்தரத் தொட்டி எதுவுமே இடமாகாது. தங்கமீனா ஏஞ்சலா என்பதை, நான்காம் விடையில் சொன்னபடி உங்கள் நீரின் வெப்பத்தையும், பத்தாம் விடையில் சொன்னபடி தொட்டியின் உயரத்தையும் பார்த்து முடிவு செய்யலாம்.

மற்றவற்றைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர்களிடம் ஒப்படையுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் ஏரியிலோ ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மீன்கள் இயற்கை நீர்நிலைகளில் பரவி உள்நாட்டு மீன்களின் இரையையும் வாழிடத்தையும் பறித்துக்கொள்கின்றன. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட சக்கர் மீன்கள் பல நாடுகளில் கரைகளைக் குடைந்து, மீனவர்களின் வலைகளைக் கிழித்து, இன்றுவரை அகற்ற இயலாத அளவுக்குப் பெருகியிருக்கின்றன. புதிய இடம் கிடைக்கும்வரை, வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றி, கூடுதல் காற்றோட்டம் கொடுத்து அவற்றைக் காத்துவாருங்கள். அந்த இடைக்காலத்தில் புதிதாக ஒரு மீனைக்கூடச் சேர்க்காதீர்கள்.